பென் டிரைவ் வாங்குவதற்கு முன் எழுதும் வேகத்தைப் பாருங்கள்

கேள்வியைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கேட்டவரிடம் 64 ஜிபி பென் டிரைவ் ஒன்று இருக்கிறது. மேலே யூஎஸ்பி 3.0 என்று அச்சிட்டிருக்கிறது. பெரிய வீடியோ ஒன்றைக் காப்பி செய்தால் முதல் இரண்டு மூன்று ஜிபி பறக்கிறது. அப்புறம் நொடிக்கு 8, 10 எம்பிக்கு இறங்கி அங்கேயே நின்றுவிடுகிறது. அதற்கு முன் வைத்திருந்த இன்னொன்று ஒருநாள் திடீரென்று 'ரைட் புரொடெக்டட்' என்று சொல்லி, எதையும் எழுத விடாமல் முரண்டு பிடித்தது. படங்களும் வீடியோக்களும் எடுத்துப் போக வேகமாகவும் நம்பிக்கையாகவும் ஒன்று வேண்டும், எதைப் பார்த்து வாங்குவது என்கிறார்.

என் பதில்: எழுதும் வேகம் எவ்வளவு என்று தயாரிப்பாளரே எண்ணாகச் சொல்லியிருக்கும் டிரைவை வாங்குங்கள். படிக்கும் வேகத்தை மட்டும் பெரிய எழுத்தில் போட்டுவிட்டு எழுதும் வேகத்தைப் பற்றி வாயே திறக்காத பெட்டியை அப்படியே வைத்துவிட்டு வந்துவிடுங்கள். வேகமும் நம்பகமும் இரண்டு தனிக் கேள்விகள் போலத் தோன்றும். ஆனால் இரண்டுக்கும் வேர் ஒன்றுதான். உள்ளே என்ன மெமரி சிப் இருக்கிறது, அதை நடத்தும் கன்ட்ரோலர் எப்படிப்பட்டது என்பதுதான் இரண்டையும் தீர்மானிக்கிறது. பென் டிரைவ் விற்பவர்கள் இந்த விவரங்களைப் பெரும்பாலும் வெளியே சொல்வதில்லை. உள்ளே இருப்பதை ஓரளவு காட்டிக்கொடுக்கும் ஒரே எண் எழுதும் வேகம்தான்.

முதலில் அந்த 3.0 விஷயத்தை முடித்துவிடுவோம். யூஎஸ்பி 3.0 என்பது டிரைவின் வேகம் அல்ல, அது கணினியோடு பேசும் பாதையின் உச்சவரம்பு. 2008இல் வந்த இந்தத் தரம் நொடிக்கு 5 கிகாபிட் வரை அனுமதிக்கிறது. குறியீட்டுச் செலவு (தகவலை அனுப்ப ஏற்றபடி மாற்றும்போது கூடும் பிட்கள்) போக, எட்டு பிட் ஒரு பைட் என்ற கணக்கில் அது நொடிக்கு 500 எம்பி. நடைமுறையில் 400, 450 எம்பி வரை கிடைக்கும். இதே பாதைக்கு 2013இல் யூஎஸ்பி 3.1 ஜென் 1 என்று பெயர் மாற்றினார்கள். 2017இல் யூஎஸ்பி 3.2 ஜென் 1 என்று மறுபடி மாற்றினார்கள். மூன்றும் ஒன்றேதான். பெட்டியில் 3.2 என்று பார்த்ததும் 3.0ஐ விடப் புதியது, வேகமானது என்று நினைக்க வேண்டாம். ஜென் 2 என்று இருந்தால்தான் பாதை 10 கிகாபிட். பழைய 2.0 பாதையின் கணக்கு 480 மெகாபிட், கைக்கு வருவது நொடிக்கு 30 முதல் 40 எம்பி. பாதை எவ்வளவு அகலமாக இருந்தாலும், டிரைவுக்குள் இருக்கும் சிப் நொடிக்கு 10 எம்பிதான் எழுதும் என்றால் உங்களுக்குக் கிடைப்பது அந்த 10தான். விலை மலிவான 3.0 டிரைவுகளில் பல, எழுதும்போது 2.0 பாதையைக்கூட நிரப்புவதில்லை.

சரி, அப்படியானால் முதல் இரண்டு மூன்று ஜிபி மட்டும் எப்படிப் பறக்கிறது? இதைப் புரிந்துகொண்டால் பாதி விஷயம் முடிந்துவிடும்.

பென் டிரைவில் இருப்பது நாண்ட் ஃபிளாஷ் என்ற வகை மெமரி. தோஷிபாவில் ஃபுஜியோ மசுவோகா தலைமையில் உருவாகி 1987இல் உலகுக்கு அறிவிக்கப்பட்டது. மின்சாரம் இல்லாதபோதும் எலக்ட்ரான்களைப் பிடித்து வைத்திருக்கும் நுண்ணிய அறைகள் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆரம்பத்தில் ஓர் அறைக்கு ஒரு பிட்தான். மின்னேற்றம் இருக்கிறதா இல்லையா என்று இரண்டு நிலைகளைப் பிரித்தறிந்தால் போதும். இதை எஸ்எல்சி என்பார்கள். அப்புறம் கொள்ளளவைக் கூட்டவும் விலையைக் குறைக்கவும் ஓர் அறையில் இரண்டு பிட், மூன்று பிட், நான்கு பிட் என்று திணிக்கத் தொடங்கினார்கள். மூன்று பிட் வைக்கும் டிஎல்சியில் 8 நிலைகளைப் பிரித்தறிய வேண்டும். நான்கு பிட் வைக்கும் கியூஎல்சியில் 16 நிலைகள். நிலைகள் நெருங்க நெருங்க, ஒவ்வொரு அறையிலும் மின்னேற்றத்தைச் சரியான அளவில் நிறுத்தக் கொஞ்சம் ஏற்றிப் பார்த்து, மறுபடி கொஞ்சம் ஏற்றிப் பார்த்து என்று பொறுமையாகச் செய்ய வேண்டும். எழுதுவது மெதுவாகிறது. அறை தேய்வதும் சீக்கிரமாகிறது. எஸ்எல்சி அறைகள் பல பத்தாயிரம் முறை அழித்து எழுதத் தாங்கும். டிஎல்சி ஓராயிரத்திலிருந்து மூவாயிரம் முறை. கியூஎல்சி அதற்கும் கீழே. வேகமும் ஆயுளும் ஒரே இடத்தில் முடிச்சுப் போட்டுக்கொண்டிருப்பதை இங்கேயே பார்க்கலாம்.

இப்போது விற்கும் டிரைவுகளில் பெரும்பாலும் இருப்பது டிஎல்சி அல்லது கியூஎல்சி. அந்த மெதுவை மறைக்க ஒரு நல்ல உத்தி இருக்கிறது. காலியாக இருக்கும் அறைகளில் ஒரு பகுதியைத் தற்காலிகமாக எஸ்எல்சி போல, ஓர் அறைக்கு ஒரு பிட்டாகப் பயன்படுத்துவது. லாரியில் வந்த மூட்டைகளை வாசலில் மளமளவென்று இறக்கிவிட்டு, அப்புறம் ஆற அமர உள்ளே எடுத்து அடுக்குவது போல. வாசல் நிரம்பும் வரைக்கும்தான் அந்த வேகம். நிரம்பிய பிறகு ஒவ்வொரு மூட்டையையும் உள்ளே கொண்டுபோய் வைத்துவிட்டுத்தான் அடுத்ததை இறக்க முடியும். நீங்கள் பார்க்கும் 8, 10 எம்பி என்பது வாசல் நிரம்பிய பிறகு வரும் வேகம். அதுதான் உங்கள் டிரைவின் உண்மையான எழுதும் வேகம். இந்தத் தற்காலிக இடத்தின் அளவு டிரைவுக்கு டிரைவு மாறும். அதைக் காலி இடத்திலிருந்து எடுக்கும் டிரைவுகளில், டிரைவ் நிரம்ப நிரம்ப அதுவும் சுருங்கும். முக்கால்வாசி நிரம்பிய டிரைவ் புதிதாக வாங்கியபோது இருந்ததை விட மெதுவாகத் தோன்றுவதற்கு இது ஒரு காரணம்.

முதல் சில நொடிகளில் தெரியும் வேகத்துக்கு இன்னொரு காரணமும் இருக்கலாம். லினக்ஸ் போன்ற சில இயங்குதளங்களில் கோப்பு முதலில் கணினியின் தற்காலிக நினைவகமான ராமுக்குள்தான் போகிறது. காப்பி முடிந்தது என்று திரை சொல்லும்போதுகூட டிரைவுக்குப் போய்ச் சேர வேண்டியது பாதி பாக்கி இருக்கும். எஜெக்ட் கொடுத்தால் நெடுநேரம் காத்திருக்கச் சொல்வது அதனால்தான்.

இந்த வேக வித்தியாசம் என்ன செய்யும் என்று கணக்குப் போட்டுப் பாருங்கள். 60 ஜிபி வீடியோக்களை எடுத்துப் போக வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். நொடிக்கு 10 எம்பி என்றால் 100 நிமிடம். 100 எம்பி என்றால் 10 நிமிடம். 400 எம்பி என்றால் இரண்டரை நிமிடம். முதலாவதுக்கும் இரண்டாவதுக்கும் இடையில் ஒன்றரை மணி நேரம் கிடைக்கிறது. இரண்டாவதுக்கும் மூன்றாவதுக்கும் இடையில் ஏழரை நிமிடம்தான். அதனால் எல்லோரும் 400 எம்பி டிரைவைத் தேடி ஓட வேண்டியதில்லை. 10ஐ விட்டு வெளியே வருவதுதான் பெரிய லாபம். தொடர்ந்து 80, 100 எம்பி எழுதும் ஒரு டிரைவ் பெரும்பாலானவர்களுக்குத் தாராளம்.

இதுவரை சொன்னது பெரிய கோப்புகளுக்கு. படங்கள், ஆவணங்கள், ஒரு மென்பொருள் திட்டத்தின் கோப்புறை என்று ஆயிரக்கணக்கான சின்னக் கோப்புகளை எழுதும்போது கதையே வேறு. நாண்ட் ஃபிளாஷில் எழுதுவது சில கிலோபைட் அளவுள்ள பக்கங்களாக நடக்கும். ஆனால் அழிப்பது பக்கம் பக்கமாக முடியாது. பல மெகாபைட் கொண்ட ஒரு தொகுதியை மொத்தமாகத்தான் அழிக்க முடியும். சின்னதாக ஓர் இடத்தை மாற்ற வேண்டும் என்றால், நல்ல கன்ட்ரோலர் புதிய தகவலை வேறு காலிப் பக்கத்தில் எழுதிவிட்டு, எது எங்கே இருக்கிறது என்ற முகவரிப் பட்டியலை மட்டும் திருத்திக்கொள்ளும். எளிய கன்ட்ரோலருக்கு அவ்வளவு நுணுக்கமாகப் பட்டியல் வைத்துக்கொள்ள நினைவகம் இல்லை. அது தொகுதியில் உள்ள மற்றவற்றையும் இடம் மாற்றி எழுத வேண்டியிருக்கும். நான்கு கிலோபைட் எழுதுவதற்காக உள்ளே சில மெகாபைட் நகர்கிறது. வேகம் நொடிக்கு எம்பியிலிருந்து கேபிக்கு விழுவது இப்படித்தான். கூடவே சிப்பும் தேவையில்லாமல் தேய்கிறது. சின்னக் கோப்புகள் நிறைய இருந்தால் அவற்றை ஜிப் செய்து ஒரே கோப்பாக எடுத்துப் போங்கள். எந்த டிரைவாக இருந்தாலும் இது உடனே பலன் தரும்.

அடுத்து, பெட்டியை எப்படிப் படிப்பது. 'நொடிக்கு 130 எம்பி வரை' என்று ஒரே ஓர் எண் போட்டிருந்தால் அது படிக்கும் வேகம்தான். 'வரை' என்ற சொல்லையும் கவனியுங்கள். அந்த வரிசையிலேயே பெரிய கொள்ளளவு உள்ள டிரைவின் வேகமாக அது இருக்கலாம். ஒரே பெயர் போட்ட 32 ஜிபியும் 256 ஜிபியும் ஒரே வேகத்தில் எழுதும் என்று நம்பாதீர்கள். பெரிய டிரைவில் பல சிப் அடுக்குகள் இருக்கும். கன்ட்ரோலர் அவற்றில் ஒரே சமயத்தில் எழுதலாம். சின்ன டிரைவில் அந்த வாய்ப்பு இல்லை. அதனால் கையில் இருக்கும் பணத்துக்குள், 64க்குப் பதில் 128, 128க்குப் பதில் 256 என்று ஒரு படி மேலே போவது வேகத்துக்கும் நல்லது, தேய்மானம் பரவலாவதால் ஆயுளுக்கும் நல்லது. தயாரிப்பாளரின் தளத்தில் அந்த மாடலின் விவரத்தாளைத் திறந்து, நீங்கள் வாங்கப் போகும் கொள்ளளவுக்கு எழுதும் வேகம் எவ்வளவு என்று தேடுங்கள். அங்கே 5 கிகாபிட் என்று மட்டும் எழுதியிருந்தால், டிரைவைப் பற்றி அவர்கள் எதுவுமே சொல்லவில்லை என்று அர்த்தம்.

விமர்சனங்களைப் படிக்கும்போது ஒரு விஷயத்தில் கவனம் வேண்டும். ஒரே மாடல் பெயரில், ஒரே உறையில், உள்ளே இருக்கும் சிப்பையும் கன்ட்ரோலரையும் காலப்போக்கில் மாற்றுவது இந்தத் தொழிலில் சாதாரணம். நான்கு வருடம் முன்பு ஒருவர் அளந்து சொன்ன எண் இன்று வாங்கும் டிரைவுக்குப் பொருந்தும் என்று சொல்ல முடியாது. அண்மையில் அளந்தவர்கள், அதுவும் 20, 30 ஜிபி தொடர்ந்து எழுதிப் பார்த்தவர்கள் என்ன சொல்கிறார்கள் என்று பாருங்கள். கிறிஸ்டல்டிஸ்க்மார்க் என்ற வேகம் அளக்கும் மென்பொருளில் ஒரு ஜிபி மட்டும் எழுதி எடுத்த படம் பெரும்பாலும் வாசலின் வேகத்தைத்தான் காட்டும்.

இனி மாடல்கள். பென் டிரைவ் உருவத்தில் இப்போது இரண்டு இனங்கள் இருக்கின்றன. ஒன்று வழக்கமான பென் டிரைவ்: எளிய கன்ட்ரோலர், ஒன்றிரண்டு சிப். இன்னொன்று சின்ன உடம்பில் எஸ்எஸ்டிக்கு, அதாவது கணினிக்குள் ஹார்ட் டிஸ்குக்குப் பதிலாக வரும் ஃபிளாஷ் டிரைவுக்கு, உரிய கன்ட்ரோலரை வைத்துச் செய்தது. இரண்டாவது இனத்தில் கிங்ஸ்டன் டேட்டாடிராவலர் மேக்ஸ் நொடிக்கு 1000 எம்பி படிப்பதாகவும் 900 எம்பி எழுதுவதாகவும் சொல்கிறது. டிரான்ஸ்சென்ட் இஎஸ்டி310 சொல்வது 1050, 950. இவை இரண்டும் 10 கிகாபிட் போர்ட்டில் செருகினால்தான் அந்த வேகம் தரும். சான்டிஸ்க் எக்ஸ்ட்ரீம் புரோவின் 5 கிகாபிட் மாடல் 420 படிக்கும், 380 எழுதும் என்று அறிவித்திருக்கிறார்கள். இவை எல்லாம் உச்ச வேகங்கள்தான், வாசல் இவற்றிலும் நிரம்பும். ஆனால் இவர்கள் எழுதும் வேகத்தை வெளிப்படையாகப் போட்டிருக்கிறார்கள் என்பதைக் கவனியுங்கள். முதல் இனத்தில் சாம்சங் பார் பிளஸ் போன்றவை படிப்பதில் நன்றாக இருக்கும், உலோக உடம்பு உறுதியானது. எழுதுவது படிப்பதை விட மிகவும் குறைவு. ஒரு முறை எழுதிப் பல முறை படிக்கிறவருக்கு அது போதும். உங்களைப் போல அடிக்கடி பெரிய வீடியோக்களை மாற்றுகிறவருக்கு இரண்டாவது இனம்தான் சரி.

எஸ்எஸ்டி கன்ட்ரோலர் உள்ளவற்றில் இன்னும் சில நன்மைகள் உண்டு. பழைய முறையில் டிரைவ் ஒரு நேரத்தில் ஒரு கட்டளையைத்தான் வாங்கும். யூஏஎஸ்பி என்ற புது முறையில் பல கட்டளைகளை வரிசையாக வாங்கிச் சேர்த்துச் செய்யும். எந்தக் கோப்பை அழித்தீர்கள் என்று கணினி டிரைவுக்குச் சொல்லும் டிரிம் வசதியும் இவற்றில் சிலவற்றில் வேலை செய்யும். சாதாரணப் பென் டிரைவுக்கு நீங்கள் அழித்த கோப்பு அழிந்ததே தெரியாது. அந்தக் குப்பையையும் தகவல் என்று நினைத்துச் சுமந்துகொண்டே இருக்கும்.

512 ஜிபிக்கு மேல் தேவை என்றால் பென் டிரைவை மறந்துவிட்டு கேபிளோடு வரும் வெளிப்புற எஸ்எஸ்டிக்குப் போங்கள். சட்டைப்பையில் அடங்கும் அளவுதான். உடம்பு பெரிதாக இருப்பதால் சூட்டைத் தாங்கும். கணினியிலிருந்து கழற்றிய பழைய எஸ்எஸ்டி கையில் இருந்தால் அதை யூஎஸ்பியில் இணைக்கும் உறை (என்க்ளோஷர்) ஒன்று வாங்கிப் போட்டாலே போதும். தரத்தில் அது பெரும்பாலான பென் டிரைவுகளைத் தாண்டிவிடும்.

சூடு என்றதும் நகம் அளவுக்குச் சின்னதாக வரும் டிரைவுகள் நினைவுக்கு வருகின்றன. காரிலோ டிவியிலோ செருகி அப்படியே விட்டுவிட வசதியானவை. ஆனால் தொடர்ந்து எழுதினால் தொட முடியாத அளவு சூடாகும். சூடானால் கன்ட்ரோலரே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். பெரிய காப்பி வேலைகளுக்கு இவற்றை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

இப்போது நம்பகத்துக்கு வருவோம். உங்கள் பழைய டிரைவ் எழுத மறுத்ததற்குக் காரணம் பெரும்பாலும் இதுதான். ஒவ்வொரு டிரைவிலும் கெட்டுப்போகும் தொகுதிகளுக்கு மாற்றாகக் கொஞ்சம் உபரி இடம் இருக்கும். அது தீர்ந்துவிட்டாலோ, முகவரிப் பட்டியல் குழம்பிவிட்டாலோ கன்ட்ரோலர் தன்னைப் பூட்டிக்கொள்ளும். இருப்பதையாவது படிக்க விடுவோம் என்பதுதான் அதன் கணக்கு. இதற்கு விண்டோஸின் அமைப்புகளைப் பதிந்து வைக்கும் ரெஜிஸ்ட்ரியை மாற்று, கட்டளை கொடு என்று இணையத்தில் ஆயிரம் யோசனை இருக்கும். விண்டோஸ் பக்கத்தில் தடை போடப்பட்டிருந்தால் மட்டுமே அவை உதவும். கன்ட்ரோலரே பூட்டிக்கொண்டிருந்தால் ஒன்றும் செய்ய முடியாது. அப்படி ஆன டிரைவைத் திரும்பத் திரும்பச் செருகிப் பார்த்துக்கொண்டிருக்காமல், உடனே உள்ளே இருப்பதை வேறு இடத்துக்கு எடுத்துவிடுங்கள்.

ஒரு டிரைவ் எவ்வளவு நாள் தாங்கும் என்பது சிப்பின் தரத்தைப் பொறுத்தது. சிப்களைச் சோதித்துத் தரம் பிரித்துத்தான் விற்கிறார்கள். நல்லவை எஸ்எஸ்டிக்கும் ஃபோனுக்கும் போகும். சோதனையில் பின்தங்கியவை எங்கேயாவது போய்ச் சேர வேண்டும் அல்லவா? ஜெர்மனியைச் சேர்ந்த சிபிஎல் என்ற தரவு மீட்பு நிறுவனம் 2024 தொடக்கத்தில் ஒரு விஷயத்தை வெளியே சொன்னது. பழுதாகி அவர்களிடம் வந்த பென் டிரைவுகள் சிலவற்றைத் திறந்து பார்த்தால், தயாரிப்பாளரின் பெயர் நீக்கப்பட்ட சிப்களும், சிலவற்றில் பலகையில் ஒட்டிய மைக்ரோஎஸ்டி கார்டுகளும் இருந்தன. வெளியிலிருந்து பார்த்தால் எந்த வித்தியாசமும் தெரியாது. இதனால்தான் சாம்சங், சான்டிஸ்க், கியோக்சியா, மைக்ரான் போலச் சொந்தமாக நாண்ட் தயாரிக்கும் நிறுவனங்களுக்கும், கிங்ஸ்டன், டிரான்ஸ்சென்ட் போல சிப் வாங்கிச் செய்தாலும் நீண்ட காலம் பெயரைக் காப்பாற்றி வரும் நிறுவனங்களுக்கும் நான் முன்னுரிமை கொடுப்பேன். விளம்பரத்துக்காகப் பெயர் அச்சிட்டு இலவசமாகக் கொடுக்கும் டிரைவில் முக்கியமான எதையும் வைக்காதீர்கள். ஐந்து வருட உத்தரவாதம் தருகிறார்களா என்றும் பாருங்கள். உத்தரவாதம் உங்கள் தகவலைத் திருப்பித் தராது, புது டிரைவைத்தான் தரும். ஆனாலும் ஐந்து வருடம் பொறுப்பேற்கிறவர் உள்ளே மட்டமான சிப்பை வைக்கத் தயங்குவார்.

பெயர் பெற்ற நிறுவனம் என்றதும் போலிகளைப் பற்றிச் சொல்லியே ஆக வேண்டும். நம்ப முடியாத விலைக்கு 1 டிபி, 2 டிபி என்று விற்கும் பென் டிரைவுகள் அநேகமாக எல்லாமே மோசடி. உள்ளே 32 அல்லது 64 ஜிபி சிப்தான் இருக்கும். கன்ட்ரோலரின் மென்பொருளை மாற்றி, கேட்கிற கணினிக்கு 2 டிபி என்று பொய் சொல்ல வைத்திருப்பார்கள். நீங்கள் எழுத எழுத அது தலையாட்டிக்கொண்டே இருக்கும். உண்மையான கொள்ளளவைத் தாண்டியதும் வருவதை எல்லாம் தூக்கிப் போடும், அல்லது பழையதன் மேலேயே எழுதும். கோப்புகளின் பெயர்ப் பட்டியல் டிரைவின் ஆரம்பத்தில் இருப்பதால் எல்லாப் பெயர்களும் ஒழுங்காகத் தெரியும். திறந்தால்தான் உள்ளே ஒன்றுமில்லை என்று புரியும். பலர் மூலக் கோப்பை அழித்துவிட்ட பிறகுதான் இதைக் கண்டுபிடிக்கிறார்கள் என்பதுதான் வேதனை.

ஆகவே எங்கே வாங்கினாலும், யாரிடம் வாங்கினாலும், முதல் வேலையாக டிரைவை முழுக்கச் சோதியுங்கள். விண்டோஸுக்கு எச்2டெஸ்ட்டபிள்யூ, லினக்ஸுக்கும் மேக்குக்கும் எஃப்3 என்று இலவச மென்பொருள்கள் இருக்கின்றன. டிரைவ் நிரம்பும் வரை எழுதி, எழுதியதைத் திரும்பப் படித்து ஒப்பிட்டுப் பார்க்கும். ஒரே சோதனையில் மூன்று பதில்கள் கிடைக்கும்: கொள்ளளவு உண்மையா, கெட்ட இடம் உண்டா, வாசல் நிரம்பிய பிறகும் எழுதும் வேகம் எவ்வளவு. நேரம் பிடிக்கும், மெதுவான டிரைவில் சில மணி நேரம்கூட ஆகும். செருகிவிட்டு வேறு வேலையைப் பாருங்கள். சரியில்லை என்றால் திருப்பிக் கொடுக்கும் அவகாசம் முடிவதற்குள் இதைச் செய்துவிட வேண்டும். ஒன்று மட்டும் குழப்பிக்கொள்ளாதீர்கள்: 64 ஜிபி டிரைவ் விண்டோஸில் 59.6 என்றும் 128 ஜிபி டிரைவ் 119.2 என்றும் காட்டுவது மோசடி அல்ல. தயாரிப்பாளர் ஆயிரத்தால் பெருக்குகிறார், விண்டோஸ் 1024ஆல் வகுக்கிறது, அவ்வளவுதான். கோப்பு அமைப்புக்கும் கொஞ்சம் இடம் போகும்.

டிரைவில் கோப்புகளை ஒழுங்குபடுத்தி வைக்கும் முறையான ஃபார்மட் விஷயத்தில் அதிகம் யோசிக்க வேண்டியதில்லை. ஃபேட்32இல் ஒரு கோப்பு 4 ஜிபியைத் தாண்ட முடியாது, பழைய டிவி, கார் ஸ்டீரியோவுக்கு மட்டும் அதை வையுங்கள். மற்ற எல்லாவற்றுக்கும் எக்ஸ்ஃபேட். விண்டோஸ், மேக் இரண்டிலும் படிக்கும், எழுதும். லினக்ஸின் மையப் பகுதியான கெர்னலில் 2019இல் 5.4 பதிப்பிலிருந்தே ஆதரவு இருக்கிறது. என்டிஎஃப்எஸ் போட்டால் மேக்கில் படிக்க மட்டுமே முடியும். எக்ஸ்ஃபேட்டுக்கு ஒரு பலவீனம் உண்டு. பாதியில் அறுந்த வேலையைச் சரிசெய்ய உதவும் குறிப்பேடு அதில் இல்லை. எழுதிக்கொண்டிருக்கும்போது பிடுங்கினால் அந்தக் கோப்பு மட்டும் அல்ல, பட்டியலே குலைந்துபோகலாம். விண்டோஸ் 10இன் 1809 பதிப்பிலிருந்து சட்டென்று கழற்றுவதற்கு ஏற்ற அமைப்பே இயல்பாக இருக்கிறது என்றாலும், எஜெக்ட் கொடுத்துவிட்டுக் கழற்றுங்கள். சில நொடிதான். டிரைவுக்குள் கன்ட்ரோலர் தன் வேலையை முடிக்கவும் அந்த நொடிகள் உதவும். சிதறிய கோப்புத் துண்டுகளை ஒன்றுசேர்க்கும் டிஃபிராக் செய்யவே வேண்டாம், தேய்மானம்தான் மிச்சம்.

நல்ல டிரைவை வாங்கிய பிறகும் மெதுவாக இருந்தால் போர்ட்டைப் பாருங்கள். வழக்கமான ஏ வகைப் பிளக்கில் 2.0க்கு நான்கு தொடுமுனைகள். 3.0க்கு இன்னும் ஐந்து, அவை உள்ளே தள்ளி இருக்கும். மெல்ல மெல்லச் செருகினால் முதல் நான்கும் முதலில் தொட்டு, கணினி 2.0 டிரைவ் என்று முடிவு கட்டிவிடும். கழற்றிவிட்டு, ஒரே மூச்சில் செருகினால் சரியாகிவிடும். 3.0 டிரைவ் செருகியதும் வயர்லெஸ் மவுஸ் தடுமாறுகிறதா? அதுவும் உங்கள் கற்பனை இல்லை. அந்தப் பாதையின் மின் இரைச்சல் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையைத் தொந்தரவு செய்யும் என்று இன்டெல் 2012இலேயே விளக்கி எழுதியிருக்கிறது. மவுஸின் ரிசீவரை மறுபக்கம் உள்ள போர்ட்டுக்கு மாற்றுங்கள்.

ஃபோனிலும் பயன்படுத்த வேண்டும் என்றால் சி வகைப் பிளக் உள்ளதை அல்லது இரண்டு முனையும் உள்ளதை வாங்குங்கள். சி வகை 10,000 முறை செருகிக் கழற்றத் தாங்கும்படி வரையறுக்கப்பட்டது, சாதாரண ஏ வகைக்கு அந்த எண் 1,500தான். ஆனால் ஃபோன் போர்ட்டின் வேகத்தையும் பாருங்கள். ஐஃபோன் 15இல் இருப்பது சி வகைதான், ஆனால் உள்ளே ஓடுவது 2.0 வேகம். 15 புரோவில்தான் 10 கிகாபிட்.

எவ்வளவு நல்ல டிரைவாக இருந்தாலும் அதில் இருப்பது ஒரே பிரதியாக இருக்கக் கூடாது. இதை நான் அழுத்தியே சொல்கிறேன். அறைகளில் இருக்கும் மின்னேற்றம் மெல்லக் கசியும். தேய்ந்த சிப்பில் வேகமாகக் கசியும், சூடான இடத்தில் வைத்தால் இன்னும் வேகமாக. சாதாரணக் கணினிகளில் வரும் எஸ்எஸ்டிகளுக்கு ஜெடெக் என்ற தர அமைப்பு வகுத்த தரமே, முழு ஆயுளும் தேய்ந்த நிலையில் மின்சாரம் இல்லாமல் 30 டிகிரி செல்சியஸில் ஓராண்டு தகவலைக் காக்க வேண்டும் என்றுதான் கேட்கிறது. புதிய டிரைவ் அதை விட நெடுநாள் தாங்கும். ஆனால் குடும்பப் படங்களை ஒரு பென் டிரைவில் போட்டு அலமாரியில் பூட்டி வைப்பது பாதுகாப்பு ஆகாது. முக்கியமானவற்றைக் காப்பி செய்யும்போது டெராகாப்பி போன்ற கருவியில் சரிபார்ப்பு வசதியைப் போட்டுக்கொள்ளுங்கள். எழுதியதைத் திரும்பப் படித்து மூலத்தோடு ஒப்பிடும். டிரைவ் தொலைந்தால் சங்கடம் தரக்கூடிய ஆவணங்கள் என்றால் பிட்லாக்கர் அல்லது வெராகிரிப்ட் என்ற மறையாக்க மென்பொருள் கொண்டு பூட்டிவிடுங்கள்.

ஆக, உங்களுக்கு 256 ஜிபி, எழுதும் வேகம் 300 எம்பிக்குக் குறையாமல் அறிவிக்கப்பட்டது, எஸ்எஸ்டி கன்ட்ரோலர் இனத்தைச் சேர்ந்தது. அவ்வளவு செலவு வேண்டாம் என்றால், தொடர்ந்து எழுதும்போது 80 எம்பிக்குக் கீழே போகவில்லை என்று அளந்து சொன்ன ஏதாவது ஒரு 128 ஜிபி. இப்போது இருக்கும் 64 ஜிபி டிரைவைத் தூக்கிப் போட வேண்டாம். விண்டோஸ் அல்லது லினக்ஸ் நிறுவும் டிரைவாக வைத்துக்கொள்ளுங்கள், காரில் பாட்டுக் கேட்க வைத்துக்கொள்ளுங்கள். ஒரு முறை எழுதிப் பல முறை படிக்கும் வேலைக்கு அதன் மெதுவான எழுத்து இடைஞ்சல் இல்லை. அதிலிருந்தே ஓர் இயங்குதளத்தை அன்றாடம் ஓட்டுவதோ, கேமரா ரெக்கார்டரில் செருகி இரவும் பகலும் எழுத விடுவதோ மட்டும் வேண்டாம். ரைட் புரொடெக்ட் ஆன அந்தப் பழைய டிரைவ் உத்தரவாதக் காலத்துக்குள் இருந்தால் மாற்றித் தருவார்கள். ஆனால் அதில் எழுத முடியாது என்பதால் அழிக்கவும் முடியாது, உள்ளே இருப்பது அப்படியே அவர்கள் கைக்குப் போகும். அந்தரங்கமான கோப்புகள் அதில் இருந்தால், மாற்று டிரைவுக்கு ஆசைப்படாமல் சிப்பை உடைத்துவிட்டு, பலகையை மின்கழிவுக்குக் கொடுத்துவிடுங்கள்.